பெருமையைக் களைந்து தாழ்மையில் வளர

ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்தவர், கல்வெட்டில் தம் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறதென்று தேடும்போதே பெருமை வேர்விட்டுவிடுகிறது. ஆகவே, வேதாகமத்தில் மத்தேயு 6-ஆம் அதிகாரம் கேட்பதுபோல், அடுத்த காணிக்கையை அந்தரங்கமாகக் கொடுங்கள்.

லூக்கா 18-இல் வரும் பரிசேயன் (யூத நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பிரிவினன்), வாரத்தில் இரண்டு முறை உபவாசித்ததையும் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) செலுத்தியதையும் தேவனிடமே கணக்குச் சொன்னான். உங்கள் ஜெபத்திலும் அத்தகைய கணக்கு நுழைகிறதா என்று இரவில் சோதித்து, நுழைந்திருந்தால் அதையே பாவமாக அறிக்கையிடுங்கள். சாதிப் பெருமையை மட்டும் ‘குடும்ப வழக்கம்’ என்று விலக்கி வைப்போர் உண்டு. யோவான் 13-இல் சீஷருடைய கால்களைக் கழுவிய இயேசுவின்முன் அந்த விலக்கு செல்லாது.

உங்கள் பனியன் கம்பெனியில் தைப்பவர் சபைக் கமிட்டியில் உங்களைத் திருத்தினால், குறுக்கிடாமல் முழுவதும் கேளுங்கள். ஆலய விருந்து முடிந்ததும் எச்சில் இலைகளை நீங்களே எடுங்கள் (அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாமல்).