பாஸ்வேர்டைக் கொடுக்காமல் வேலையைக் கொடுப்பது எப்படி? நிறுவனக் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க ஒரு செய்முறை

ஒரு சின்ன நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஒரு நாள் காலையில் லாகின் செய்யப் போனேன். பாஸ்வேர்டு சரிதான், ஓடிபி மட்டும் வரவில்லை. எந்த எண்ணுக்குப் போகிறது என்று பார்த்தால், கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. அலுவலகத்தில் யாருடைய எண்ணும் அப்படி முடியவில்லை. ஆளாளுக்கு விசாரித்ததில், எப்போதோ வேலையை விட்டுப்போன டிசைனருடைய எண் என்று தெரியவந்தது. நல்ல மனிதர், போனை எடுத்தார், ஓடிபியைச் சொன்னார். அவர் எண்ணை மாற்றியிருந்தால் எங்கள் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் வைத்திருக்கும் இடத்தில் இது இன்றில்லாவிட்டால் நாளை நடக்கும். யார் அந்தப் பதிவை அழித்தது, யார் விளம்பரத்தை ஓடவிட்டது என்று கேட்டால் பதில் இருக்காது. ஒருவர் விலகினால் மீதி நான்கு பேருக்கும் புது பாஸ்வேர்டு சொல்ல வேண்டும். அதனால் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், ஆட்கள் அவரவர் சொந்த லாகினில் அழைப்பின் பேரில் உள்ளே வரட்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் கணக்குகளையும் காட்டும் ஒற்றை டேஷ்போர்டு, அதாவது ஒரே நிர்வாகத் திரை, என்று எதுவும் கிடையாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டாவின் டேஷ்போர்டில் அடங்கும். கூகுள் சேவைகளுக்குத் தனி வாசல்கள். பஃபர், ஹூட்சூட், ஜோஹோ சோஷியல் போன்ற செயலிகள் எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்திலிருந்து பதிவிட உதவும், ஆனால் கணக்கு யாருடையது என்பதை அவை தீர்மானிப்பதில்லை. முதலில் உரிமையைச் சரிசெய்யுங்கள், அந்த வசதிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: இருப்பதையெல்லாம் எழுதுங்கள்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். கணக்கின் பெயர், எந்த மின்னஞ்சலில் பதிவானது, ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது, இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள், பணம் எந்தக் கார்டிலிருந்து போகிறது என்று ஐந்து பத்திகள் போடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் இதில் எழுதாதீர்கள்.

பலரும் சமூக ஊடகக் கணக்குகளை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். பட்டியலில் முதலில் வரவேண்டியது டொமைன், அதாவது உங்கள் இணையதளத்தின் முகவரிப் பெயர். அது கைவிட்டுப் போனால் இணையதளம் போகும், அந்தப் பெயரில் இருக்கும் மின்னஞ்சல் போகும், மின்னஞ்சல் போனால் மற்ற எந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் மீட்க முடியாது. ஹோஸ்டிங் (இணையதளத்தின் கோப்புகள் இருக்கும் சர்வர் சேவை), இணையதளத்தின் அட்மின் லாகின், விளம்பரக் கணக்குகள், இணையத்தில் பணம் வாங்கும் கேட்வே ஆகியவையும் சேரட்டும்.

படி 2: நிறுவனத்துக்கு என்று ஒரு மின்னஞ்சல்

உரிமையாளரின் சொந்த முகவரியிலோ பணியாளரின் முகவரியிலோ இருக்கும் கணக்குகளை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. டொமைன் வாங்கிய தளத்தின் லாகினை அதே டொமைனில் இருக்கும் மின்னஞ்சலில் வைக்கக் கூடாது. புதுப்பிக்க மறந்து டொமைன் நின்றுபோனால் மின்னஞ்சலும் நின்றுவிடும், பாஸ்வேர்டை மீட்கும் கடிதம் வந்துசேர இடமிருக்காது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது போல ஆகிவிடும். அதற்கு மட்டும் தனியாக ஒரு ஜிமெயில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மெட்டாவில் பிசினஸ் போர்ட்ஃபோலியோ

பிசினஸ் டாட் ஃபேஸ்புக் டாட் காம் தளத்துக்குப் போய் உங்கள் சொந்த ஃபேஸ்புக் கணக்கில் நுழையுங்கள். சொந்தக் கணக்கா என்று தயங்க வேண்டாம். உடன் வேலை செய்பவர்களுக்கு உங்கள் பெயரும் வேலை மின்னஞ்சலும் தெரியும், உங்கள் நட்பு வட்டத்தில் இல்லாதவர்களுக்குக் குடும்பப் படங்கள் திறந்துவிடாது. இந்தத் தயக்கத்தால்தான் சிலர் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு பொய் ஆளை உருவாக்கி, அதில் பக்கத்தை நடத்துகிறார்கள். அது ஃபேஸ்புக்கின் விதிகளுக்கு எதிரானது. என்றாவது அந்த ஆளின் கணக்கு முடக்கப்பட்டால், அதை நம்பியிருக்கும் பக்கத்துக்குள் போக வழி இருக்காது.

உள்ளே நுழைந்ததும் போர்ட்ஃபோலியோ ஒன்றை (நிறுவனத்தின் பக்கங்களும் கணக்குகளும் ஆட்களும் அடங்கும் ஒரே கூடை) உருவாக்கி, நிறுவனத்தின் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். பிசினஸ் மேனேஜர் என்று முன்பு கேள்விப்பட்டிருப்பீர்களே, அதன் இன்றைய பெயர்தான் இது. பிறகு செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் பக்கம், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

சேர்க்கும்போது இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, பக்கத்தை உங்கள் போர்ட்ஃபோலியோவுக்குச் சொந்தமாக்குவது. மற்றது, வேறொருவருக்குச் சொந்தமான பக்கத்தில் வேலை செய்ய அனுமதி கேட்பது. சொந்த நிறுவனம் என்றால் முதல் வழி. ஒரு பக்கம் ஒரே ஒரு போர்ட்ஃபோலியோவுக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். முன்பு வேலை பார்த்த ஏஜென்சி தன் போர்ட்ஃபோலியோவில் அதைச் சேர்த்துவைத்திருந்தால் உங்களால் சேர்க்க முடியாது, அவர்கள்தான் விடுவிக்க வேண்டும். விளம்பரக் கணக்கைச் சேர்ப்பதற்கு முன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். ஒரு போர்ட்ஃபோலியோவுக்குள் சேர்த்த விளம்பரக் கணக்கை அப்புறம் வெளியே எடுக்க முடியாது.

படி 4: ஆட்களை அழைப்பது

செட்டிங்ஸில் யூசர்ஸ், அதற்குள் பீப்பிள். அழைப்பு பொத்தானை அழுத்தி, வேலை மின்னஞ்சலைக் கொடுங்கள். அடுத்த திரையில் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும், தொடக்கத்தில் எல்லாரும் குழம்பும் இடம் இதுதான்.

முதல் முடிவு, போர்ட்ஃபோலியோ என்ற வீட்டுக்குள் இவருக்கு என்ன இடம் என்பது. முழுக் கட்டுப்பாடு கொடுத்தால் அவர் மற்றவர்களைச் சேர்க்கலாம், உங்களையே நீக்கவும் செய்யலாம். பகுதி அனுமதி கொடுத்தால் நீங்கள் காட்டும் அறைகளுக்குள் மட்டும் போவார். இரண்டாவது முடிவு, எந்தப் பக்கத்தில் என்ன வேலை என்பது. பதிவிடுவது, மெசேஜுக்குப் பதில் சொல்வது, கருத்துகளைக் கவனிப்பது, விளம்பரம் போடுவது, புள்ளிவிவரம் பார்ப்பது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்கலாம். வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுபவருக்கு மெசேஜும் கருத்தும் போதும், விளம்பரத்தைத் திறந்துவிட வேண்டியதில்லை. அங்கே உங்கள் கார்டு காத்துக்கொண்டிருக்கிறது.

முழுக் கட்டுப்பாடு எத்தனை பேருக்கு? என்னைக் கேட்டால் இரண்டு பேர். ஒருவர் மட்டும் இருந்தால், அவருடைய சொந்தக் கணக்கு முடங்கிய அன்று எல்லாரும் வெளியே நிற்க வேண்டியதுதான். நான்கைந்து பேர் இருந்தால் யார் எதை மாற்றினார்கள் என்று தேடவே நேரம் போகும். அந்த இரண்டு பேரில் ஒருவர் நிறுவனத்தின் உரிமையாளராக இருக்கட்டும். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க, நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, பெயர் அங்கே இருந்தால் போதும்.

வேலையை வெளி ஏஜென்சியிடம் கொடுக்கிறீர்களா? அவர்களுடைய ஒவ்வொரு பணியாளரையும் அழைக்காதீர்கள். பார்ட்னர்ஸ் பகுதியில் அவர்களுடைய போர்ட்ஃபோலியோ எண்ணைக் கேட்டு வாங்கிப் போட்டு, தேவையான பக்கங்களை மட்டும் பகிருங்கள். அவர்களுக்குள் யார் வேலை பார்ப்பது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த ஒரு பார்ட்னரை நீக்கினால் எல்லாரும் ஒன்றாக வெளியேறிவிடுவார்கள்.

படி 5: கூகுள் பக்கம்

மேப்பில் உங்கள் நிறுவனம் தெரிகிறதே, அது கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் இருந்தது. நிறுவனக் கணக்கில் லாகின் செய்து, கூகுள் தேடலில் நிறுவனப் பெயரைத் தேடினாலே நிர்வகிக்கும் திரை வந்துவிடும். மூன்று புள்ளிகளை அழுத்தி செட்டிங்ஸுக்குள் போனால் ஆட்களைச் சேர்க்கும் இடம் இருக்கும். உரிமையாளர், மேலாளர் என்று இரண்டு நிலைகள். மேலாளரால் நேரம், படம், விமர்சனங்களுக்குப் பதில் எல்லாம் பார்க்க முடியும், ஆனால் ஆட்களைச் சேர்க்கவோ புரொஃபைலை அழிக்கவோ முடியாது. அன்றாட வேலைக்கு மேலாளர் நிலை தாராளம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 7 நாட்கள் சில வசதிகள் பூட்டியிருக்கும், ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

யூடியூபுக்கு யூடியூப் ஸ்டுடியோவில் செட்டிங்ஸ், பர்மிஷன்ஸ். வீடியோ எடிட் செய்பவருக்கு எடிட்டர் நிலை. வருமானம் அவருக்குத் தெரிய வேண்டாம் என்றால் அதிலேயே வரையறுக்கப்பட்ட எடிட்டர் என்று ஒன்று உண்டு.

கூகுளில் விளம்பரம் போடும் கூகுள் ஆட்ஸில் பில்லிங் மட்டும் பார்க்கும் நிலை தனியாக இருக்கிறது, கணக்கு எழுதுபவருக்கு அதைக் கொடுங்கள். இணையதளத்துக்கு வருபவர்களின் புள்ளிவிவரம் காட்டும் கூகுள் அனலிடிக்ஸிலும் வெறுமனே பார்க்க மட்டும் அனுமதிக்கும் நிலை உண்டு. வேர்ட்பிரஸ் இணையதளம் என்றால் கட்டுரை எழுதுபவருக்கு ஆத்தர் நிலை போதும், அட்மின் வேண்டாம்.

படி 6: பாஸ்வேர்டைப் பகிர்ந்தே ஆக வேண்டிய இடங்கள்

சில தளங்களில் ஒரே ஒரு லாகின்தான் கொடுப்பார்கள். அங்கே பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு போன்ற பாஸ்வேர்டு மேனேஜரில் குழுவாகச் சேர்ந்து பகிருங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட பாஸ்வேர்டு அங்கேயே கிடக்கும், போன் மாற்றும்போது புது போனுக்கும் கூடவே போகும். ஒரு நினைவூட்டல்: பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து ஒருவரை நீக்கினாலும் அவர் பார்த்த பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். நீக்கிய அன்றே அதை மாற்றுங்கள்.

படி 7: இரண்டாவது பூட்டு

மெட்டா போர்ட்ஃபோலியோவின் பாதுகாப்புப் பகுதியில், உள்ளே வரும் எல்லாருக்கும் இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்பது) கட்டாயமாக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்குங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி நல்லது, சிம் கைமாறினாலும் கவலையில்லை. போன் கையில் இல்லாதபோது நுழைவதற்காகக் கூகுள் கணக்குக்கு 10 பேக்கப் குறியீடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரே முறைதான் பயன்படுத்தலாம். அவற்றை அச்சிட்டு நிறுவனப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்தால், போன் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும்.

படி 8: ஒருவர் விலகும் நாள்

முதல் படியில் போட்ட ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து, அவர் பெயர் உள்ள வரிசைகளைத் தேடுங்கள். வரிசைப்படி போகலாம்: அவர் மட்டுமே உரிமையாளராக இருக்கும் கணக்கு ஏதாவது உண்டா என்று முதலில் பாருங்கள், இருந்தால் அவர் கையாலேயே மாற்றி வாங்குங்கள். அடுத்து அவருடைய எண்ணுக்கு வரும் ஓடிபிகளை மாற்றுங்கள். அப்புறம்தான் ஆளை நீக்குவது. அவசரத்தில் முதலில் நீக்கிவிட்டு, பிறகு "அந்த ஓடிபி கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று போன் செய்வது சங்கடம். மின்னஞ்சலை உடனே அழிக்காமல், கூகுள் வொர்க்ஸ்பேஸில் (நிறுவனங்களுக்கான கூகுளின் மின்னஞ்சல் சேவை) இருந்தால் சஸ்பெண்ட் செய்து, அதாவது தற்காலிகமாக நிறுத்தி, வையுங்கள். எந்தக் கணக்கு அந்த முகவரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது சில வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும். அப்படித் தவறுதலாக அழித்துவிட்டாலும் 20 நாட்களுக்குள் என்றால் அட்மின் கன்சோலில் மீட்டுக்கொள்ளலாம்.