ரத்தக் கொடையாளர் ஏன் போனை எடுப்பதில்லை?

போன வாரம் எங்கள் ரத்ததானக் குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் கண்ணில் பட்ட வாட்ஸ்அப் குரூப்புக்கெல்லாம் ஒரு மெசேஜை அனுப்பியிருந்தார்கள்: "மிக அவசரம், ஓ பாசிட்டிவ், ஷேர் செய்யவும்." எந்த ஆஸ்பத்திரி, எத்தனை யூனிட், என்ன தேதி, எதுவும் இல்லை. திட்ட வாய் வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். கொடையாளர்கள் போனை எடுக்காமல் போவதற்கு, நம்மைப் போல ஆள் தேடுகிறவர்கள் செய்யும் இந்தத் தப்புகள்தான் காரணம்.

தேவை முடிந்ததைச் சொல்லாமல் விடுவது

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். ஓ நெகட்டிவ் கொடையாளர் ஒருவர் இருந்தார். லேத் பட்டறையில் தினக்கூலி. நான் கூப்பிட்டதும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். பிளட் பேங்க் வாசலில் நோயாளியின் மச்சான், "ஆள் கிடைச்சாச்சுண்ணே, நீங்க கிளம்புங்க" என்றிருக்கிறார். ஆள் கிடைத்தது எனக்குக் காலை பத்து மணிக்கே தெரியும். அடுத்த கேஸுக்கு ஓடியதில் இவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். சாயங்காலம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார். அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவே இல்லை. சில மாதம் கழித்து ஒரு பிரசவக் கேஸுக்கு ஓ நெகட்டிவ் தேடி ராத்திரி இரண்டு மணிவரை அலைந்தேன். லிஸ்ட்டில் முதல் பெயர் அவருடையதுதான்.

இப்போது ஒரு யூனிட்டுக்கு இரண்டே பேர். ஒருவர் கிளம்புவார், இன்னொருவர் வீட்டிலேயே தயாராக இருப்பார். கிளம்பச் சொல்லும் முன் பிளட் பேங்கிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். யார் அழைத்தாரோ அவரேதான் "வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டும். மெசேஜில் தேதி, நேரம் கட்டாயம். இல்லாவிட்டால் அது மாதக்கணக்கில் சுற்றும். ஒரு வீட்டுக்கு, நோயாளி இறந்து காரியம் முடிந்த பிறகும் "ரத்தம் வேணுமா?" என்று போன் போய்க்கொண்டிருந்தது.

சொந்தக்காரர்களைக் கேட்காமல் கொடையாளரை அழைப்பது

லீவு போட்டு வந்தவர், வார்டு வாசலில் திடகாத்திரமாக நிற்கும் நாலு சித்தப்பாக்களைப் பார்ப்பார். அடுத்த முறை வர மாட்டார். அவர்மேல் தப்பே இல்லை.

90 நாளுக்குள் மறுபடி கூப்பிடுவது

ஒரு முறை ரத்தம் கொடுத்தவர் மறுபடி கொடுக்க ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். நோட்டில் எழுதி வையுங்கள்.

திருப்பி அனுப்பப்பட்டவரை மறந்துவிடுவது

ஹீமோகுளோபின் 12.5 இல்லையென்றால் ரத்தம் எடுக்க மாட்டார்கள். இதில் அதிகம் அடிபடுவது பெண்கள். ஒரு டீச்சர் மூன்று முறை வந்து மூன்று முறையும் முகம் வாடித் திரும்பினார். நான்காவது முறை வரமாட்டார் என்று தெரிந்து, கொடையாளர் லிஸ்ட்டை அவரிடமே கொடுத்தேன். இன்றைக்கு ராத்திரி அழைப்புகளில் பாதி அவர் கையில். போனை எடுக்காதவர்களும் டீச்சர் குரல் என்றால் எடுக்கிறார்கள்.

போட்டோ

ரத்தம் கொடுத்தவரின் போட்டோவை அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.