யாழினியா யாழிசையா? முடிவு பண்றதுக்கு முன்னாடி வாய்விட்டு கூப்பிட்டு பாருங்க

குழந்தைக்கு வைக்கற பேர் லிஸ்ட்ட அடிச்சு அடிச்சு கடைசியில ரெண்டு மூணுல வந்து நிக்கும், அதுவும் யாழினி, யாழிசை, மகிழினினு ஒரே மாதிரி இருக்கும், அங்கதான் எல்லாருக்கும் தலை சுத்தும். இந்த கட்டத்துல அர்த்தத்தையே திரும்ப திரும்ப பாக்காதீங்க, எல்லாமே நல்ல அர்த்தம்தான், இனிமே காதுதான் முடிவு பண்ணனும்.

மொதல்ல சத்தமா கூப்பிடுங்க. மாடியில வெளயாடுற புள்ளைய சாப்பிட கூப்பிடற மாதிரி. மெய்யெழுத்துல முடியற பேருக்கு நம்ம பேச்சுல தானா ஒரு உ ஒட்டிக்கும், முகில் முகிலு ஆயிடும், கயல் கயலு, கவின் கவினு. அதுவே முகிலன்னு வச்சா முகிலானு நல்லா நீட்டி கூப்பிடலாம். யாழிசை எழுத அவ்ளோ அழகு, ஆனா தெனமும் வீட்ல கூப்பிடறப்ப கடைசி ஐ தேஞ்சு "யாழிச"னுதான் வரும், யாழினிக்கு அந்த பிரச்சனை இல்ல. என்னை கேட்டா நான் யாழினி பக்கம்தான்.

அடுத்தது ழ. மதுரை, நெல்லை பக்கம் நிறைய பேர் வாய்ல அது ள-வாதான் வரும், தாத்தா பாட்டி யாளினினுதான் கொஞ்சுவாங்க, கொஞ்சட்டுமே! அதுக்காகவோ வெளியூர்க்காரங்களுக்கு வராதுன்னோ ழ இருக்கற பேரை தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. சரியா சொல்ல நாம சொல்லிக்குடுத்தா போதும்.

இங்கிலீஷ் ஸ்பெல்லிங்லதான் நெஜமாவே உக்காந்து யோசிக்கணும். ழ-வுக்கு இசட் ஹெச் போட்டா தமிழ் தெரியாதவங்க யாஸினினு படிப்பாங்க, எல் போட்டா நம்மாளுங்களே யாலினினு படிப்பாங்க, ரெண்டுல இசட் ஹெச்தான் மேல்னு நெனக்கிறேன், கோழிக்கோடு, ஆலப்புழா எல்லாம் அப்படித்தான் எழுதறாங்க. நிலா நீலா ஆகும், கவின் வெளிநாட்டுல கெவின் ஆகும். த-வுக்கு டி ஹெச் போட்டாலும் சரி, வெறும் டி போட்டாலும் சரி, எல்லா பேப்பர்லயும் ஒரே மாதிரி எழுதுங்க. ஒரு பேப்பர்ல எழுதி தமிழ் தெரியாத ஃப்ரெண்ட்கிட்ட ஒண்ணும் சொல்லாம குடுத்து படிக்க சொல்லுங்க, அப்புறம் இன்னொருத்தர்கிட்ட போன்ல பேரை சொல்லி எழுத சொல்லுங்க, எங்க இடிக்குதுன்னு உடனே தெரிஞ்சிடும்.

நியூமராலஜி பாக்கறவங்க எக்ஸ்ட்ரா எழுத்து சேக்கறதா இருந்தா பிறப்பு சர்டிபிகேட் வாங்கறதுக்கு முன்னாடியே சேத்துடுங்க, அப்புறம் ஆதார்ல ஒண்ணு பாஸ்போர்ட்ல ஒண்ணுனு ஆயிடும். இனிஷியலோடயும் சொல்லி பாருங்க.

அவசரப்பட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள்ள பதிஞ்சிடணும், ஆனா பேர் இல்லாமலே பதியலாம், பதிஞ்ச தேதியிலிருந்து 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரை சேர்க்கலாம், அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் லேட் ஃபீஸ் கட்டி சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-லேருந்து பொறந்த குழந்தைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன், பாஸ்போர்ட்டுன்னு எல்லாத்துக்கும் பொறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்பு சான்றிதழ்தான் ஆதாரம், அதனால பேர் சேர்க்கறப்ப தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுத்து எழுத்தா அப்பா ஒரு தடவை, அம்மா ஒரு தடவை படிச்சு பாத்துட்டு குடுங்க.