சேலத்தில் ஹாட் டப் வாங்குபவர்கள் கோட்டை விடும் இடங்கள்

தோட்டத்தில் ஒரு ஹாட் டப்போ (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) சின்ன நீச்சல் குளமோ வைக்க நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது நிறம், தண்ணீரையும் காற்றையும் பீய்ச்சும் ஜெட் எத்தனை, விளக்கு எரியுமா என்பதுதான். இந்தத் தொழிலில் இருப்பவர்களே தொடக்கத்தில் செய்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்ட தவறுகளைப் புதிதாக வாங்குபவர்கள் வரிசை மாறாமல் செய்கிறார்கள். வேலி போடுங்கள், குழந்தைகளைத் தனியாக விடாதீர்கள், வழுக்காத டைல்ஸ் ஒட்டுங்கள் என்பதெல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதவற்றைப் பார்ப்போம்.

போர் தண்ணியை அப்படியே நிரப்புவது

சேலத்து போர் தண்ணியின் குணத்தை ஆய்வகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, சமையலறையே சொல்லும். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் முனையில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், கீசர் காயில் உப்பேறிப் போகும். வெள்ளைக்கல் வெட்டியெடுக்கிற ஊரில் நிலத்தடி நீர் வேறு எப்படி இருக்கும்? குடிக்க மேட்டூர் தண்ணி, துணிக்குப் போர் தண்ணி என்று பிரித்துவைத்துப் புழங்குகிற அதே வீட்டில், பல லட்சம் ரூபாய் டப்பில் மட்டும் போர் ஹோஸைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

'நாங்க இதைத்தான் குடிக்கிறோம், ஒண்ணும் ஆகலை' என்பது வழக்கமான பதில். குடிப்பதற்கான அளவு வேறு. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது. ஹாட் டப்புக்குக் கால்சியம் கடினத்தன்மை 150 முதல் 250க்குள் இருக்க வேண்டும். வயிறு தாங்கும், ஹீட்டர் தாங்காது.

காரணம் எளிது. சர்க்கரை வெந்நீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்புப் படிவு நேர் எதிர், சூடு ஏற ஏறத் தண்ணீரை விட்டு வெளியே வரும். டப்பில் மிகச் சூடான இடம் ஹீட்டர் காயில், ஆகவே முதலில் ஒட்டுவது அங்கேதான். கூடவே ஜெட் காற்றைக் கலக்கிக் கரியமில வாயுவை வெளியேற்றுவதால் பி.எச்., அதாவது அமில-கார அளவு, தானாக ஏறுகிறது. 7.8ஐத் தாண்டினால் படிவு வேகம் பிடிக்கும். காயிலின் மேல் படிந்த வெள்ளை ஓடு சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாது. உள்ளே காயில் காய்ந்து வெந்து ஒருநாள் அறுந்துபோகும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எரிச்சல். கதை எந்த வீட்டிலும் ஒன்றுதான். தண்ணி சூடாகவில்லை என்று பிளம்பரைக் கூப்பிடுவார்கள். அவர் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி ஓட்டுவார். வெள்ளை கரையும், கூடவே காயிலின் உறையும் பம்பின் சீலும் அரிக்கும். அடுத்த மாதம் புது ஹீட்டர் வரும். கம்பெனியைத் திட்டிக்கொண்டே மாட்டுவார்கள். மாட்டி முடித்ததும் அதே போர் ஹோஸ் மறுபடியும் டப்பில் விழும். கெட்டது ஹீட்டர் இல்லை, தண்ணீர் என்று சொன்னால், இன்னொரு ஹீட்டர் விற்கப் பார்க்கிறார் என்று நினைப்பார்கள்.

டப்புக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பி.எச்., மொத்தக் கடினத்தன்மை, அல்கலினிட்டி (காரத்தன்மை), இரும்பு, டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) ஆகியவற்றோடு கால்சியம் கடினத்தன்மையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மொத்தக் கணக்கில் மக்னீசியமும் சேர்ந்திருக்கும். காயிலில் முக்கியமாக ஒட்டுவது கால்சியம். லாரித் தண்ணி வாங்கினால் அதையும் சோதியுங்கள். லாரியில் வருவதும் பல சமயம் இன்னொருவர் வீட்டுப் போர் தண்ணிதான்.

கால்சியம் 700 என்று வந்தால் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் கருவி, வைக்கலாம். ஆனால் முழுவதையும் மென்னீராக்கி நிரப்பினால் டப் நுரைத்துத் தள்ளும். 1,200 லிட்டர் டப்புக்கு 860 லிட்டர் சாஃப்ட்னர் தண்ணீரும் 340 லிட்டர் சாஃப்ட்னரில் விடாத போர் தண்ணீரும் கலந்தால் சுமார் 200க்கு வரும். சாஃப்ட்னர் அல்கலினிட்டியைத் தொடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது 80 முதல் 120க்குள் இறங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட் சேர்த்து, ஜெட்டை ஓட்டி, மறுபடி அளக்க வேண்டும்.

மழைநீர் இன்னும் மலிவு. 100 சதுர மீட்டர் மாடியில் 20 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். முதல் அழுக்குத் தண்ணியைத் தள்ளிவிட்டாலும் ஒரு டப்புக்குப் போதும்.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு நீங்கள் இறக்கிய கடினத்தன்மையை மறுபடி ஏற்றும், தண்ணியும் கலங்கும். திரவ குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், இந்த ஊருக்குப் பொருத்தம்.

குளம் வைப்பவர்களுக்கு ஹீட்டர் இல்லை, தப்பித்தோம் என்று தோன்றும். 8 மீட்டருக்கு 4 மீட்டர், 1.2 மீட்டர் ஆழக் குளத்தில் 38,400 லிட்டர். சேலத்துச் சித்திரை வெயிலில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தாலும் 190 லிட்டர் போகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு குளத்திலேயே நிற்கும். 700 கடினமுள்ள தண்ணீரால் ஈடுகட்டினால் மாதத்துக்கு 100 பி.பி.எம். (லிட்டருக்கு 100 மில்லிகிராம்) ஏறும். நிரப்பியபோது நன்றாக இருந்த குளத்தின் நீர்மட்டக் கோட்டில் ஆடியில் சொரசொரவென்று வெள்ளை வளையம் நிற்பது இதனால்தான்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் கணக்கு தலைகீழ். ஊற்று, மழைநீர்த் தொட்டித் தண்ணீரில் கால்சியம் மிகக் குறைவாக இருக்கலாம். அப்படிப்பட்ட தண்ணீர் டைல்ஸ் இடுக்குச் சிமென்டைத் தின்னும், செம்புக் குழாயை அரிக்கும். அங்கே சேர்க்க வேண்டியது வரும்: 1,200 லிட்டரில் கால்சியம் 100 பி.பி.எம். ஏற, படிகநீருள்ள கால்சியம் குளோரைடு சுமார் 175 கிராம். அல்கலினிட்டி 80 ஏற ஆப்பசோடா 160 கிராம். செம்மண் ஊற்றில் இரும்பு இருந்தால் குளோரின் போட்டவுடன் தண்ணி பழுப்பாகும். பாசி என்று நினைத்து மேலும் குளோரின் கொட்டுவார்கள், மேலும் பழுப்பாகும்.

மொட்டை மாடியில் வைப்பது

1,200 கிலோ தண்ணீர், 300 கிலோ டப், ஆறு பேர் 400 கிலோ. இரண்டுக்கு இரண்டு மீட்டர் இடத்தில் இது சதுர மீட்டருக்கு 475 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 'கல்யாணத்துக்கு நூறு பேர் ஏறினாங்க' என்பார்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். கட்டமைப்புப் பொறியாளர் தூண், உத்தரம் பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஏற்றாதீர்கள். மேஸ்திரியின் வாய்வார்த்தை இதற்குப் போதாது.

ஏற்காட்டில் சாயங்காலம் சுவிட்ச் போடுவது

1,000 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வேண்டும். மார்கழியில் 18 டிகிரியில் இருக்கும் 1,200 லிட்டரை 38க்குக் கொண்டுவர 28 யூனிட். 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல், அதுவும் காற்றில் போகும் சூட்டைச் சேர்க்காமல். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விருந்தாளி வந்து சுவிட்ச் போட்டால் அதிகாலையில் குளிக்கலாம்.

வோல்டேஜையும் அளந்து பாருங்கள். 230க்குப் பதில் 180 வந்தால் ஹீட்டரின் சக்தி ஐந்தில் மூன்று பங்காகிவிடும். ஒன்பது மணி பதினைந்தாகும். தோட்டத்துக் கோடியில் இருக்கும் வீடுகளில் டப்பைவிட முதலில் தேவை தடித்த ஒயர். ஹீட் பம்ப் கரண்டை நன்றாக மிச்சப்படுத்தும், ஆனால் குளிர் கூடக் கூட அதன் வேகமும் குறையும்.

மூடி இல்லாமல் வாங்குவது

வாங்காதீர்கள். சூடு பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான் போகிறது.

மரத்தடி

சில்வர் ஓக் நிழல் அழகு. அதன் இலையை தினமும் நீங்கள்தான் அள்ள வேண்டும்.

ஐப்பசியில் குளத்தைக் காலி செய்வது

மழைக்காலத்தில் கழுவிவிடலாம் என்று மோட்டார் வைத்து இறைப்பார்கள். சுற்றிலும் மண் ஊறி நிற்கும். மேலே சொன்ன 32 சதுர மீட்டர் குளத்தின் அடியில் 30 செ.மீ. தண்ணீர் நின்றாலே 9.6 டன் மேல்நோக்கித் தள்ளும். வெறும் ஃபைபர் தொட்டி அந்த எடைக்குப் பக்கத்தில்கூட வராது. படகு மாதிரி எழும்பி, குழாய்களைப் பிய்த்துக்கொண்டு நிற்கும். கான்கிரீட்டும் விரிசல் விடும். காலி செய்வதென்றால் மாசியில் செய்யுங்கள். குளத்தையொட்டி அடிமட்டம்வரை ஒரு துளைக்குழாய் இறக்கி ஜல்லி போட்டு வையுங்கள். அதில் தண்ணி நின்றால் முதலில் அதை இறைக்க வேண்டும்.

கரண்ட்

கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., தனி எர்த்திங், தண்ணீருக்குள் 12 வோல்ட் விளக்கு. இதில் பேரம் கிடையாது.

காலி செய்யும் தண்ணீர்

ஹாட் டப் தண்ணீரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 1,200 லிட்டர் எங்கே ஓடும் என்பதை டப் இறங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். மலையில் சரிவுக்குக் கீழே அடுத்தவர் காப்பித் தோட்டம் இருக்கும். குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் விட்டு, டெஸ்ட் பட்டையில் குளோரின் பூஜ்யம் காட்டிய பிறகே திறந்துவிடுங்கள். சாஃப்ட்னரைக் கழுவிய உப்புத் தண்ணியை எந்தச் செடிக்கும் விட வேண்டாம், தென்னைக்குக்கூட.