டைவ் அடிப்பவனைப் பிடிப்பது எப்படி? விசில் பிடிக்க வரும் தம்பிகளுக்கு

கால்பந்து ஆட்டம். பெனால்டி பாக்ஸுக்குள் ஃபார்வர்டு விழுகிறான். அடுத்த நொடி உங்களைச் சுற்றிப் பத்துப் பேர். "சார், கால்ல போட்டான் சார்!" என்று ஒரு பக்கம், "சீன் போடறான் சார், விடாதீங்க!" என்று மறுபக்கம். டிவியில் வரும் ரெஃப்ரிக்கு ரீப்ளே இருக்கிறது, காதில் பேச ஆள் இருக்கிறது. நமக்கு ஒரு விசில், இரண்டு அட்டை. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டமென்றால் கொடி பிடிக்கக்கூட ஆள் கிடையாது.

பதினெட்டு வருஷமாக வட சென்னை மைதானங்களில் ஞாயிறுதோறும் விசில் ஊதுகிறேன். மற்ற ஆறு நாளும் லேத் பட்டறை. புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் ஆஃப்சைடைப் பற்றிக்கூட அவ்வளவாகக் கேட்பதில்லை. "நடிக்கிறவனை எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?" என்றுதான் கேட்கிறார்கள். டீக்கடையில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோத்துத் தருகிறேன்.

விழுந்தவனின் முகத்தைப் பார்க்காதீர்கள். அடிபட்டவன் முகமும் அடிபடாதவன் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும். சொல்லப்போனால் அடிபடாதவன்தான் கொஞ்சம் நன்றாகவே செய்வான். பார்க்க வேண்டியது விழுவதற்கு முந்தைய அரை நொடியை, அதுவும் முழங்காலுக்குக் கீழே. அதற்கு நிற்கிற இடம் சரியாக அமைய வேண்டும். ஆட்டக்காரனுக்கு நேர் பின்னால் ஓடினால் இரண்டு முதுகுதான் தெரியும். பக்கவாட்டில் விலகி வாருங்கள், பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் இருங்கள். இரண்டு பேர் காலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று சொல்லக்கூடிய கோணம் வேண்டும், அவ்வளவுதான். ராத்திரி ஆட்டத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நாலு பக்கமும் விளக்கு எரிந்தால் ஓர் ஆளுக்கு நாலு நிழல். நிழலும் நிழலும் மோதியதற்கு ஃபவுல் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நானே.

அடுத்தது பந்து. அது அவன் காலடியில் இருக்கும்போது விழுவதில் அவனுக்கு என்ன லாபம்? பந்தை நீளமாகத் தட்டிவிட்டு, கீப்பர் கைக்குப் போய்விடும் என்று தெரிந்தபின் விழுகிறான் பாருங்கள், அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் கை. கால் தடுக்கி விழுகிறவன் யாராக இருந்தாலும் அவனறியாமல் கை முன்னால் போய்த் தரையைத் தேடும். முகத்தைக் காப்பாற்ற உடம்பு தானாகச் செய்கிற காரியம் அது. நடிக்கிறவனுக்கு அந்தப் பயம் இல்லை, எப்போது விழப்போகிறோம் என்று அவனுக்குத்தான் தெரியுமே. அதனால் கை மேலேயோ பின்னாலேயோ போகும், நெஞ்சு முன்னால் தள்ளும், முழங்கால் மடங்கிப் பாதம் பின்னால் எழும்பும். உடம்பு முழுக்க நாணேற்றிய வில் மாதிரி வளையும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மோரிஸ், டேவிட் லூயிஸ் என்ற இருவர் இதை ஆராய்ந்து 2009-ல் எழுதியிருக்கிறார்கள். வில் உவமையும் அவர்களுடையதுதான். அவர்கள் சொல்லும் இன்னொரு விஷயம், பட்டதற்கும் விழுந்ததற்கும் நடுவே உள்ள நேரம். பட்டவுடன் விழுந்தால் சரி. பட்ட பிறகு ஓர் எட்டு நன்றாக எடுத்து வைத்துவிட்டு, யோசித்து விழுந்தால்? அந்த ஓர் எட்டை எண்ணப் பழகிக்கொள்ளுங்கள்.

ஃபார்வர்டின் பின்னங்காலையும் கவனியுங்கள். இதுதான் கெட்டிக்காரர்கள் செய்வது. டிஃபெண்டர் கால் தரையில் சும்மா கிடக்கும். இவன் தன் பின்னங்காலை வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு போய் அதில் மாட்டிக்கொண்டு விழுவான். தொட்டது நிஜம். யார் யாரைத் தொட்டார்கள் என்பதுதான் கேள்வி.

கடைசியாக, காது. லேத்தில் நிற்கிறவனுக்கு டூல் எதில் உரசுகிறது என்பது பார்க்காமலே தெரியும், அந்தப் பழக்கம் எனக்கு மைதானத்திலும் உதவுகிறது. பூட்ஸ் பந்தில் பட்டால் 'தம்' என்று அடங்கிய சத்தம். முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின்கார்டில் பட்டால் 'டொக்'. கூட்டம் குறைவான காலை ஆட்டங்களில் இதை நம்பலாம். மேளம் அடிக்கிற ஃபைனலில் வேலைக்கு ஆகாது.

இவ்வளவும் பார்த்த பிறகு தம்பிகள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஃபவுல் இல்லையென்றால் நடிப்பு, நடிப்பு இல்லையென்றால் ஃபவுல் என்று இரண்டே பெட்டி வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது பெட்டிதான் பெரியது. ஓடுகிற வேகத்தில் தோளும் தோளும் உரசி நிலை தடுமாறுவான், ஈரப்புல்லில் வழுக்குவான், தன் காலே தன் காலில் தட்டும். இதற்கெல்லாம் விசிலும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். கையை வீசி "ஆடு, ஆடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டே இருங்கள். எனக்கு ஒரு சீசனில் நடிப்புக்கென்று மூன்று நாலு மஞ்சள் அட்டைக்கு மேல் போனதில்லை.

இன்னொன்று. உடம்பில் படாமலே ஃபவுல் ஆகலாம். உதைக்க முயல்வதும் தடுக்கிவிட முயல்வதும் விதிப்படி குற்றம்தான். சறுக்கி வரும் காலுக்குத் தப்பிக்க எகிறிக் குதித்து நிலைகுலைந்து விழுகிறவன் நடிக்கவில்லை, முட்டியைக் காப்பாற்றிக்கொள்கிறான். "தொடவே இல்லையே" என்று அவனுக்கு அட்டை காட்டுவது பெரிய பாவம்.

அந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். ஒரு செவன்ஸ் செமிஃபைனல். வலது விங்கில் ஒரு பொடியன். முதல் பாதியிலேயே இரண்டு தடவை தொடாமலே விழுந்து எழுந்தவன். மூன்றாவது தடவை பாக்ஸின் ஓரத்தில் விழுந்தான். நான் இருபத்தைந்து மீட்டர் பின்னால், நேர் முதுகுப் பக்கம். பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை, ஆனால் ஆளைத் தெரியும் என்ற தைரியத்தில் மஞ்சளை எடுத்தேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. சாக்ஸை மட்டும் கீழே இறக்கிக் காட்டினான். கணுக்காலுக்கு மேலே பூட்ஸின் ஸ்டட் பதிந்த மூன்று புள்ளி, நடுப்புள்ளியில் ரத்தம் அப்போதுதான் துளிர்க்க ஆரம்பித்திருந்தது. ஆட்டத்தை இன்னும் துவக்கவில்லை என்பதால் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு விழுகையும் அன்றைய முதல் விழுகை. ஆளின் பழைய கணக்கு விசிலுக்குள் வரக்கூடாது.

சரி, நடிப்புதான் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. தண்டனை என்ன? பன்னிரண்டாவது விதியில் இது பண்பற்ற நடத்தை. அடிபட்டது போல நடித்தாலும் ஃபவுல் செய்யப்பட்டது போல நடித்தாலும் மஞ்சள் அட்டை. 1999-ல்தான் விதிகளில் இதைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். ஆட்டத்தை நிறுத்தி அட்டை காட்டினால் எதிரணிக்கு, நடித்த இடத்திலிருந்து இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோல் அடிக்க முடியாத உதை. கையை மேலே தூக்க மறந்துவிடாதீர்கள், பாதிப் பேர் மறக்கிறார்கள். எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு நல்ல தாக்குதலுக்குப் போகிறதா? நிறுத்தவே வேண்டாம். ஆட்டம் அடுத்து நிற்கும்போது போய் அட்டையைக் காட்டலாம், அதற்கும் விதி இடம் தருகிறது.

காட்டும்போது நாடகம் வேண்டாம். சில ரெஃப்ரிகள் இரண்டு கையையும் சேர்த்துக் குளத்தில் பாய்கிற மாதிரி செய்து காட்டுவார்கள். கூட்டத்துக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் அவமானப்பட்ட பையன் மிச்ச ஆட்டம் முழுக்க யாரையாவது உதைத்துக்கொண்டிருப்பான். வேகமாகப் போய், அவனைத் தனியே அழைத்து, "பார்த்துட்டேன்பா" என்று ஒரே வார்த்தை. நோட்டில் நம்பர், நிமிடம். முடிந்தது.

ரெஃப்ரி ஏமாந்துபோனால் அப்புறம் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்த வழக்கு ஜெர்மனியில் நடந்தது. 1995 ஏப்ரல் 13, டார்ட்மண்டும் கார்ல்ஸ்ருஹவும் ஆடுகின்றன. டார்ட்மண்ட் ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. டார்ட்மண்டின் ஆந்த்ரியாஸ் மோலர் பாக்ஸுக்குள் விழுகிறார். பக்கத்தில் இருந்த கார்ல்ஸ்ருஹவின் டிர்க் ஷூஸ்டர் தொடக்கூட இல்லை, நடுவே ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம். பெனால்டி, கோல், கடைசியில் 2-1 என்று டார்ட்மண்டுக்கு வெற்றி. இந்த மாதிரி விழுவதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'ஷ்வால்ப', நம் தகைவிலான் குருவி. தரையை ஒட்டித் தாழப் பறக்குமே, அதுதான். டிஃபெண்டர் மோதப்போகிறார் என்று நினைத்துத் தற்காப்புக்காக விழுந்தேன், இது 'தற்காப்புக் குருவி' என்று மோலர் சொன்னார் பாருங்கள், அதற்கே தனி அட்டை கொடுக்கலாம். ஜெர்மன் கால்பந்துச் சங்கம் அவருக்கு இரண்டு ஆட்டத் தடையும் பத்தாயிரம் மார்க் அபராதமும் விதித்தது. ஆட்டத்தின் முடிவு மட்டும் மாறவில்லை. அந்த சீசனில் டார்ட்மண்ட் சாம்பியன் ஆனது, ஒரே புள்ளி வித்தியாசத்தில். கார்ல்ஸ்ருஹ ரசிகர் யாரிடமாவது இந்தப் பேச்சை எடுத்தால் டீ ஆறிப்போகும்.

2002 உலகக் கோப்பையில் பதினைந்து நாளில் இரண்டு கூத்து. ஜூன் 3, துருக்கியோடு ஆட்டம் முடிகிற நேரத்தில் பிரேசிலின் ரிவால்டோ கார்னரில் நிற்கிறார். ஹக்கான் உன்சால் எரிச்சலில் பந்தை அவர்மேல் உதைக்கிறார். பட்டது காலில். ரிவால்டோ முகத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள், வெளியே. ரிவால்டோவுக்குப் பின்னால் பதினோராயிரத்துச் சொச்சம் சுவிஸ் ஃப்ராங்க் அபராதம். அவருடைய சம்பளத்துக்கு அது டீச்செலவு. ஒரு நாள் தடைகூட இல்லாமல் அந்தக் கோப்பையையும் தூக்கினார். ஜூன் 18, தென்கொரியாவோடு கூடுதல் நேரத்தில் இத்தாலியின் டோட்டி பாக்ஸுக்குள் விழுந்தார். ரெஃப்ரி பைரன் மொரேனோ நடிப்பு என்று இரண்டாவது மஞ்சளைக் காட்டி அனுப்பினார். கொரிய வீரரின் உடம்பு பட்டதா இல்லையா என்று இன்றுவரை சண்டை. நான் பலமுறை பார்த்துவிட்டேன், என் கணக்கில் அது மூன்றாவது பெட்டி. ஃபவுலும் இல்லை, நடிப்பும் இல்லை. ஏற்கெனவே மஞ்சள் வாங்கியவன் என்றால் முழு நிச்சயம் இல்லாமல் அட்டையில் கை வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்தில் 2017-லிருந்து கொஞ்சம் ஒழுங்கான ஏற்பாடு. நடித்து ஏமாற்றியதால் பெனால்டி கிடைத்தாலோ எதிராளி வெளியேற்றப்பட்டாலோ, முன்னாள் வீரர், முன்னாள் பயிற்சியாளர், முன்னாள் ரெஃப்ரி என்று மூன்று பேர் வீடியோ பார்ப்பார்கள். மூவரும் ஒரே குரலில் நடிப்பு என்று சொன்னால் இரண்டு ஆட்டம் தடை. பிரீமியர் லீக்கில் முதலில் மாட்டியவர் எவர்ட்டனின் உமர் நியாஸ், அந்த நவம்பரில் கிரிஸ்டல் பேலஸோடு ஆடிய ஆட்டத்துக்காக. பெனால்டி கோலாகி ஆட்டம் 2-2 டிராவில் முடிந்திருந்தது, அது அப்படியே நின்றது.

வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் விஏஆர் வந்தபின் பெனால்டி திருட்டு நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது. 2018 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக நெய்மார் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்ததற்கு ரெஃப்ரி பியோர்ன் கைப்பர்ஸ் பெனால்டி கொடுத்தார். திரையைப் பார்த்துவிட்டு வந்து ரத்து செய்தார். ஆனால் நடிப்புக்கு அட்டை காட்டவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நம் மைதானத்துக்கு வருவோம். இங்கே திரையும் இல்லை, மூன்று பேர் குழுவும் இல்லை. முன்னணியில் இருக்கும் டீம் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவனாகச் சுருண்டு படுப்பதுதான் இங்கே பெரிய நோய். தலையில் அடி என்றால் யோசிக்காதீர்கள், நடிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, உடனே நிறுத்துங்கள். மற்றதற்கு விதியிலேயே மருந்து இருக்கிறது. உள்ளே வந்து சிகிச்சை கொடுத்தால் ஆட்டக்காரன் கோட்டுக்கு வெளியே போய்விட்டு, ஆட்டம் துவங்கியபின் ரெஃப்ரி அனுமதித்தால்தான் திரும்ப வரலாம். கோல்கீப்பருக்கு விலக்கு உண்டு. மற்ற ஆட்டக்காரனாக இருந்தாலும், அவனை அடித்தவனுக்கு அட்டை காட்டியிருந்து, சிகிச்சையும் சட்டென்று முடிந்துவிட்டால் அடிபட்டவனுக்கும் விலக்கு உண்டு.

அதனால் எவனாவது புரண்டால் நான் அவனிடம் பேசுவதில்லை. கோட்டுக்கு வெளியே திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, "ஸ்பிரே கொண்டு வாங்க, வெளிய வச்சுப் பார்த்துக்கலாம்" என்று கத்துவேன். போன மாதம் ஒருவன் முட்டியைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்று அலறிக்கொண்டிருந்தான். ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கோச் பாதி மைதானம் வருவதற்குள், ஆள் எழுந்து த்ரோ போட நின்றுவிட்டான்.