உலோகத்தை லேசரால் அழுத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேசர் அழுத்தச் சோதனைகளுக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். கேமராவின் டிரிகர் தப்புவது, ஃபில்டர் போட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ஷாட் வீணானால் கவனம் தானாக வந்துவிடும். தரவு அழகாக வந்தும் முடிவு தப்பாகிப் போகும் இடங்கள்தான் எனக்குக் கவலை.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இருக்கும் நிஃப் லேசருக்கு 192 கற்றைகள். 2018-இல் வெளியான ஆய்வில் அங்கே இரும்பை 1,400 ஜிகாபாஸ்கல் வரை அழுத்தியிருந்தார்கள். பூமியின் மையத்திலேயே சுமார் 360 தான். இந்த அழுத்தத்தை எந்தக் கருவியும் நேராக அளப்பதில்லை. வெவ்வேறு தடிமனில் படிக்கட்டு போலச் செய்த உலோகத் துண்டின் பின்பக்கம் எப்போது, என்ன வேகத்தில் நகர்கிறது என்பதை விசார் என்ற இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளி அலைகளின் குறுக்கீட்டால் வேகத்தை அளக்கும் கருவி) பதிவு செய்யும். தடிமன் வித்தியாசத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் அலையின் வேகம். அதிலிருந்துதான் அழுத்தமும் அடர்த்தியும் வருகின்றன.

லேசர் பல்ஸை அவசரமாக ஏற்றுவது

ஒரேயடியாக ஓங்கி அடித்தால் அதிர்வலை உருவாகி உலோகம் சூடேறிவிடும். செம்பு சுமார் 230 ஜிகாபாஸ்கலிலேயே உருகிவிடுகிறது. அதனால்தான் சில பத்து நானோசெகண்டுகளில் மெல்ல ஏற்றுகிறோம். ஆனால் அழுந்திய உலோகத்தில் ஒலி வேகமாக ஓடும். பின்னால் கிளம்பிய அலை முன்னால் போனதைப் பிடித்துவிட்டால் உள்ளேயே அதிர்வலை உருவாகிவிடும். நேர வித்தியாசம் பெரிதாகக் கிடைக்கட்டும் என்று தடித்த துண்டைக் கேட்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மிகத் தடித்த படிக்கும் சேர்த்து சிமுலேஷன் ஓட்டிப் பாருங்கள்.

பசையை அளக்காமல் விடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

உலோகத் துண்டை அதன் முன்னால் இருக்கும் வைரத் தகட்டோடு எப்பாக்சி வைத்து ஒட்டுகிறோம். ஊசிமுனையால் ஒரு துளி வைத்து, மேலே எடை வைத்து அமுக்கி, காய விடுகிறோம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஓர் ஓரத்தில் ஒரே ஒரு தூசி சிக்கியிருந்தால் போதும், பசை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். படிகளுக்கு இடையே 20 மைக்ரான் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அலைக்கு அதைக் கடக்க 2 நானோசெகண்ட் ஆகும். தடித்த படிக்கு அடியில் பசை 1 மைக்ரான் கூடுதலாக இருந்து, அதில் அலை 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால், கூடுதல் தாமதம் 0.2 நானோசெகண்ட். அலை வேகத்தில் சுமார் 10 சதவீதப் பிழை! நாம் தேடுவதோ ஓரிரு சதவீதத் துல்லியம். போதாததற்கு, எப்பாக்சி மென்மையானது என்பதால் அலை அதற்குள் முன்னும் பின்னும் எதிரொலித்து, ஏற்றத்தின் தொடக்கத்தையே குலைத்துவிடும்.

ஓர் இளைஞர் செம்புத் தரவைக் கொண்டுவந்து, குறைந்த அழுத்தத்தில் உலோகம் 'மென்மையாகிறது', புதிய கட்டமாற்றமாக (உலோகத்தின் அணுக்கள் அடுங்கியிருக்கும் விதம் மாறுவது) இருக்கலாம் என்றார். ஒட்டிய பிறகு மொத்தத் தடிமனை அளந்தீர்களா என்று கேட்டேன். அளக்கவில்லை. துண்டோ ஷாட்டோடு ஆவியாகிவிட்டது, இனி எதை அளப்பது? அப்புறம் அவர் செய்ததுதான் அதைவிட மோசம். சாதாரண அழுத்தத்தில் தெரிந்த ஒலி வேகம் வரும் வரை ஒரு படியின் நேரத்தை நகர்த்தி, மிச்சக் கோட்டை அப்படியே வரைந்துவிட்டார். பசை அழுந்த அழுந்த அதில் அலையின் வேகமும் மாறும். ஒரே எண்ணால் அதைச் சரிசெய்ய முடியாது.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும், ஒட்டிய பின் மொத்தத்தையும், ஒவ்வொரு படியிலும் பல புள்ளிகளில் அளந்து எழுதி வையுங்கள். இரண்டின் வித்தியாசம்தான் பசை. அது 1 மைக்ரானுக்கு மேல் போனால் அந்த டார்கெட்டை, அதாவது ஒட்டி முடித்த அந்தத் துண்டை, சுடாதீர்கள். முடிந்தால் உலோகத்தை வைரத்தின் மீதே நேரடியாகப் படியவைத்து, பசையே இல்லாமல் செய்துவிடுங்கள். நிஃப்பில் ஒரு ஷாட் முடிந்தால் லேசர் கண்ணாடி ஆற மணிக்கணக்காகும். அதற்கு அனுமதி வாங்க அதைவிடப் பல மடங்கு காலம் ஆகும். டார்கெட்டை அளக்க ஆகும் ஒரு மதியத்தை மிச்சம் பிடிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

ஒரே விசாரை நம்புவது

விசார் வேகத்தைக் காட்டுவது ஒளிப் பட்டைகள் நகர்வதாகத்தான். வேகம் சட்டென்று தாவினால் எத்தனை பட்டைகள் தாண்டின என்று ஒரு விசாரை வைத்துச் சொல்ல முடியாது. உணர்திறன் வேறுபட்ட இரண்டு விசார்களும் ஒரே விடையைத் தர வேண்டும்.

ஜன்னல் திருத்தம்

உலோகத்தின் பின்பக்கத்தில் வைக்கும் லித்தியம் ஃபுளோரைடு ஜன்னல் (ஒளி ஊடுருவும் படிகம்) வழியாகப் பார்த்தால் வேகம் கால் பங்குக்கும் மேல் கூடுதலாகத் தெரியும். திருத்துங்கள்.

முன்கூட்டியே சூடாவது

லேசர் உள்ளே பாய்ந்து எக்ஸ் கதிராக மாறும் சிறு தங்கக் கூடான ஹோல்ரமின் சுவரிலிருந்து 2 முதல் 3 கிலோஎலக்ட்ரான்வோல்ட் எக்ஸ் கதிர்கள் வரும். தடுக்கும் அடுக்கு இல்லையென்றால், அலை வந்து சேரும் முன்பே உலோகம் சூடாகி விரியத் தொடங்கியிருக்கும். அதன் தொடக்க அடர்த்தியே நீங்கள் நினைத்தது இல்லை.

வெப்பநிலையை ஊகிப்பது

மெல்ல ஏற்றினாலும் உலோகம் உருக்குலையும்போது சூடாகும். விசார் வேகத்தை மட்டும்தான் அளக்கிறது. வெப்பநிலை வேண்டுமென்றால் அதற்குத் தனி அளவீடு வேண்டும்.