பேரப்பிள்ளைக்குத் தையல்: தாத்தா பாட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது ஐம்பது வருடம் தைத்துப் பழகிய கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சும்மா இருக்காது. பேத்தி ஊசியைத் துணியில் குத்திவிட்டு, அது மறுபக்கம் எங்கே வரும் என்று திணறும் அந்த அரை நிமிடத்தை அதனால் பொறுத்துக்கொள்ள முடியாது. "இங்கே கொடு கண்ணு, நான் போட்டுத் தருகிறேன்" என்று வாங்கி நான்கு தையல் போட்டுவிடும். நான்கும் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். குழந்தை கற்றுக்கொண்டது என்னவென்றால், தடுமாறினால் பாட்டி வாங்கிக்கொள்வாள் என்பதை மட்டும்தான்.

வீட்டில் தையல் சொல்லிக் கொடுக்கும்போது நேரும் தவறுகளில் பாதி இந்தக் கையிலிருந்துதான் கிளம்புகின்றன. அதற்கு வழி எளிது. இரண்டு துணி, இரண்டு ஊசி. பாட்டி தன் துணியில் ஒரு தையல் போட்டுக் காட்டட்டும். பேத்தி தன் துணியில் போடட்டும். அவள் துணியை நீங்கள் தொடக் கூடாது. நூல் சிக்கலானால் எந்தக் கண்ணியை இழுக்க வேண்டும் என்று விரல் நீட்டிச் சொல்லலாம்; இழுப்பது அவள் வேலை.

இதைவிடக் கொடிய தவறு இரவில் நடக்கும். குழந்தை தூங்கிய பிறகு, கோணல் தையலைப் பிரித்து அழகாகத் தைத்து வைத்துவிடுவார்கள் சிலர். அன்பால் செய்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் காலையில் குழந்தைக்குத் தெரிந்துவிடும். தான் போட்ட தையல் எது, தன்னுடையது அல்லாதது எது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அந்தத் துணியை அது மறுபடி எடுக்காது. கோணலாக இருந்தால் இருக்கட்டும். "உன் அம்மா உன் வயதில் ரவிக்கையே தைத்தாள்" என்ற பேச்சும் வேண்டாம். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருப்பதில்லை.

துணி, ஊசி, நூல்

பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுப்பது வழக்கம். துவைத்துத் துவைத்து மென்மையாகிப் போன துணி சின்னக் கையில் குழைந்து சுருங்கும். இழுத்தால் கூடவே வரும். பட்டு, நைலான், சாட்டின் எல்லாம் வழுக்கும். ஜவுளிக்கடையில் காடா துணி, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, கேட்டு வாங்குங்கள். பழைய வேட்டிதான் வேண்டும் என்றால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கொடுங்கள், பிடித்தால் நிற்கும். ஆரம்பத்துக்கு எல்லாவற்றையும்விட நல்லது எம்ப்ராய்டரி சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் மேட்டி துணி. அதன் நெசவிலேயே வரிசையாகத் துளைகள் இருக்கும். இரண்டு துளை மேலே, இரண்டு துளை கீழே என்று எண்ணிக்கொண்டே ஓட்டுத்தையல் போட்டுவிடலாம். கோடு கிழித்துத் தர வேண்டியதில்லை. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் துணியே வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஓரமாகத் துளை போட்டு, முனை மழுங்கிய கம்பளி ஊசியும் கம்பளி நூலும் கொடுத்துவிடுங்கள்.

ஊசியில் ஒரு குழப்பம் உண்டு. கைத்தையல் ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். மிஷின் ஊசியில் எண் கூடினால் தடிக்கும். எல்லா அளவும் கலந்த பாக்கெட்டிலிருந்து, "குழந்தைக்குச் சின்ன ஊசி" என்று மெல்லியதை எடுத்துக் கொடுப்பவர்கள் அதிகம். சின்ன விரலுக்குப் பிடிக்க எளிது தடித்த ஊசிதான். காதும் பெரிதாக இருக்க வேண்டும்.

நூலின் நிறம் துணியோடு கலந்து மறைய வேண்டும் என்பது ரவிக்கைக்குச் சரி. கற்பதற்குச் சரியில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் போட்டால்தான் தையல் எங்கே ஏறி எங்கே இறங்கியது என்று தெரியும். நீளத்திலும் கவனம் வேண்டும். அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பி ஒன்றரை முழம் நூலை விட்டுவிடுகிறோம். அது முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். ஒவ்வொரு தையலுக்கும் குழந்தையின் கை தலைக்கு மேலே போய் பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பதம் பார்க்கும். இரட்டையாக மடித்த பிறகு குழந்தையின் கையால் ஒரு முழம் இருந்தால் போதும். இரு முனையையும் சேர்த்து முடிச்சிட்டால் ஊசியிலிருந்து நூல் கழன்று வராது. ஆரம்ப நாட்களில் அழுகையில் முக்கால்வாசி, நூல் கழன்றதற்கான அழுகைதான்.

நூல் கோக்கும்போது முனையை நறுக்கென்று சரிவாக வெட்டிக் கோக்கச் சொல்லுங்கள். பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்து தரும் வேலை இது. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு ஊசிக் காது எங்கே தெரிகிறது! ஆனால் நூல் கோத்துக் கொடுப்பதோடு பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். கோத்தவரே நாலு தையல் போட்டுவிட்டுப் போகட்டும்.

உட்காரும் இடம்

எதிரெதிரே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் வலம் இடமாகத் தெரியும். இருவரும் வலது கைக்காரர்கள் என்றால் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை இடது கைப் பழக்கம் உள்ளவன் என்றால் எதிரே உட்காருங்கள். அப்போது நீங்கள் செய்வது அவனுக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் சரியாக வரும். "பீச்சாங்கையால் தைக்காதே" என்று கையை மாற்றிக் கொடுக்கும் வேலையை இன்றாவது நிறுத்த வேண்டும். இடது கைத் தையல் இடமிருந்து வலமாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். இடது கைக்கென்று செய்த கத்தரிக்கோலும் கிடைக்கிறது.

கத்தரிக்கோல் என்றதும் மழுங்கியதைக் கொடுத்தால் ஆபத்தில்லை என்று நினைப்பார்கள். மழுங்கியது துணியை மெல்லும். பிள்ளை பலங்கொண்ட மட்டும் அழுத்தும். அப்போதுதான் நழுவிக் கையைப் பதம் பார்க்கும். முனை உருண்டையாகவும் அலகு கூராகவும் இருக்கும் சின்னக் கத்தரிக்கோல் கொடுங்கள். அதில் காகிதம் வெட்டவும் விடாதீர்கள்.

பிள்ளைகள் பார்த்துக் கற்கும் பழக்கங்கள்

ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு பேசுவது, நூலைப் பல்லால் கடிப்பது, புடவைத் தலைப்பில் ஊசியைக் குத்தி வைப்பது: மூன்றும் பாட்டிகளின் பழைய வழக்கம். சொல்லித் தராமலே பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்வதும் இவைதான். அவர்கள் எதிரில் தைக்கும்போதாவது ஊசித்திண்டில் குத்துங்கள். ஆரம்பிக்கும்போது எத்தனை ஊசி என்று பிள்ளையை எண்ணச் சொல்லி, முடிக்கும்போதும் எண்ண வையுங்கள். ஒன்று குறைந்தால், கிடைக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் ஊசி பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். தவழும் தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் பொத்தான் டப்பாவுக்கு மூடி கட்டாயம்.

ஊசியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், விளக்கு வைத்த பிறகு தைக்கக் கூடாது என்பார்கள். காரணம் எதுவானாலும் இரண்டையும் கடைப்பிடிக்கலாம். ஊசியைத் திண்டில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொல்வது குத்தாத வழி. மாலை வெளிச்சம் மங்கிய பிறகு இருவர் கண்ணுக்கும் சிரமம்.

எதைத் தைப்பது?

கோடு கோடாகப் பழகு துணியில் மட்டும் தைக்கவிட்டால் சலிப்பு வந்துவிடும். முதலிலேயே பொம்மைக்குச் சட்டை என்று இறங்கினால் கழுத்து வெட்டும் இடத்தில் நின்றுவிடும். சுருக்குப் பை போதும். பக்கவாட்டில் இரண்டு நேர்த்தையல், மேலே நாடா ஓட ஒரு மடிப்பு. ஊக்கில் மாட்டி நாடாவை உள்ளே ஓட்டும் வேலையைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். உட்புறம் வெளியே தெரியத் தைத்துப் பிறகு திருப்ப வேண்டும் என்பதுதான் புரியாது. கால்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுங்கள், புரிந்துவிடும். தையலை மிகவும் இறுக்கச் சொல்லாதீர்கள். நூலை இழுத்ததும் துணியை விரலால் ஒருமுறை நீவிவிடச் சொன்னால் சுருக்கம் போய்விடும்.

அடுத்தது பொத்தான். பெரியவர்களே இங்கே தவறு செய்கிறோம்: துணியோடு ஒட்டத் தைத்துவிடுகிறோம், பிறகு காஜாவுக்குள் நுழையாமல் முண்டும். பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதையும் சேர்த்துச் சுற்றித் தையுங்கள். நான்கைந்து சுற்றுக்குப் பிறகு குச்சியை உருவி, பொத்தானைத் தூக்கி, அடியில் நூலைச் சுற்றி முடிச்சிடுங்கள். குச்சியை உருவும் கட்டம் பிள்ளைகளுக்கு வித்தை மாதிரி.

இந்தப் பாடம் பேரனுக்கும்தான். ஊர் முழுக்க ஆண் தையற்காரர்கள் இருக்கும்போது, பேத்தியை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்து, பையனை விளையாட அனுப்புவதற்கு என்ன நியாயம்? பள்ளிச் சட்டையில் பொத்தானை அதிகம் பிய்த்துக்கொண்டு வருவது யார்?

மிஷின்

கால் மிஷினைப் பார்த்ததும் அதில்தான் ஆரம்பிப்பேன் என்று அடம்பிடிப்பார்கள். தாத்தாக்கள் உடனே மடங்கிவிடுகிறார்கள். கால் மிதியை நன்றாக எட்டாத பிள்ளைக்கு மிஷின் கூடாது. எட்டினாலும் முதல் நாள் நூல் வேண்டாம். அடிநூலுக்கான பாபின் சுற்றும்போது செய்வதுபோல் சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்திவிட்டால், சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. அப்படியே மிதித்துப் பழகட்டும். சக்கரம் தன் பக்கமாகவே சுற்ற வேண்டும். பின்னால் திரும்பினால் நூல் சிக்கும், அறும். அது கைவந்த பிறகு திருகை இறுக்கி, கோடு போட்ட நோட்டுத்தாளில் நூலில்லாமல் ஓட்டச் சொல்லுங்கள். தாளில் விழும் துளைகள் கோட்டின் மேல் வரிசையாக வந்தால் துணிக்குப் போகலாம். இதற்குப் பழைய ஊசியையே போடுங்கள், தாள் ஊசியை மழுக்கிவிடும்.

பின்னலையும் துப்பட்டாவையும் பின்னால் கட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். மோட்டார் பூட்டிய மிஷின் இன்னும் சில வருடம் பொறுக்கலாம்; லேசாக அழுத்தினாலே அதன் வேகம் சின்ன விரலுக்கு அதிகம். எழுந்து போகும்போது மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கால் மிஷினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டால் போதும், யார் மிதித்தாலும் ஊசி அசையாது.